எல்லாச் சொல்லும் சேர்ந்த பிறகு வெளியிடலாம் என்று காத்திருப்பவருக்கு

வந்த கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பனையேறிக் குடும்பத்தில் பிறந்தவர், இப்போது வங்கியில் வேலை பார்க்கிறார். நான்கு வருடமாகப் பனைத் தொழிலாளர்கள் பேசும் சொற்களைச் சேகரித்துவருகிறார். சுமார் 1,400 சொற்கள் சேர்ந்துவிட்டன. சிறு நூலாகவோ இணையத்திலோ வெளியிட ஆசை. ஆனால் ஒவ்வொரு முறையும் "இன்னும் எத்தனை சொல் விட்டுப்போயிருக்கிறதோ, பொருள் தவறாக இருந்தால் என்ன செய்வது, மொழியியல் படித்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்களே" என்று தள்ளிப்போகிறது. இந்தப் பெர்ஃபெக்‌ஷனிசத்திலிருந்து எப்படி வெளியே வருவது என்று கேட்கிறார்.

அகராதிகளையும் சொல் தொகுப்புகளையும் பதிப்பிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்பதால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

உங்களைப் போன்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சோம்பேறி என்று ஒருவரையும் சொல்ல முடியாது. நோட்டு நோட்டாக எழுதி வைத்திருப்பார்கள், விடுமுறை நாளெல்லாம் அலைந்திருப்பார்கள். வெளியிடுங்கள் என்றால் மட்டும் "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்பார்கள். அந்தக் கொஞ்சம் ஒருநாளும் தீராது. சொல் சேகரிக்கும் வேலையின் இயல்பே அப்படி. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கப் போன இடத்தில் இன்னும் இரண்டு புதிய சொல் காதில் விழும். நீங்கள் எதிர்பார்க்கும் முழுமை, வெளியிடுவதற்கு முன்னால் ஒரு தனி ஆளுக்குக் கிடைக்கக்கூடிய பொருளே இல்லை. வெளியிட்ட பிறகு, படிப்பவர்கள் திருத்தித் திருத்தித்தான் அது பக்கத்தில் வரும். என் பதிலின் சாரம் இதுதான். இது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை, அகராதிகளின் வரலாற்றைப் பார்த்தாலே தெரியும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1857-ல் லண்டன் மொழியியல் கழகத்தில் பேச்சு தொடங்கியது. 1879-ல் ஜேம்ஸ் மர்ரே என்ற பள்ளி ஆசிரியரை அகராதியின் பதிப்பாசிரியராகப் போட்டு ஒப்பந்தம் எழுதினார்கள். பத்து வருடத்தில் முடித்துவிடலாம் என்பது கணக்கு. ஐந்து வருடம் கழித்து 1884-ல் முதல் பகுதி வந்தபோது அது 352 பக்கம், 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கி 'ஆன்ட்' என்ற சொல்வரைதான் வந்திருந்தது. எறும்போடு நின்றுவிட்டது! வேறு யாராவது என்றால் "முழுசும் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பெட்டியில் வைத்திருப்பார்கள். அவர்கள் அதை விற்பனைக்கே அனுப்பினார்கள். அதன் பிறகு பகுதி பகுதியாக வந்துகொண்டே இருந்தது. மர்ரே 1915-ல் இறந்துபோனார். அகராதி முடிந்தது 1928-ல். அவர் முழு அகராதியையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அவர் கையால் ஆன பகுதிகளை முப்பது வருடத்துக்கும் மேலாக உலகம் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்த அகராதியின் முதல் பதிப்பில் 'பான்ட்மெய்ட்' என்ற சொல், அடிமைப்பெண் என்று பொருள், விட்டுப்போய்விட்டது. சொல் எழுதிய சீட்டுகள் எங்கோ தவறிப்போனதுதான் காரணம். லட்சக்கணக்கான சீட்டுகளைப் புறாக்கூண்டு போன்ற அடுக்குகளில் பிரித்து வைத்து, பல பேர் சரிபார்த்த இடத்திலேயே அப்படி நடந்தது. 1933-ல் வந்த பின்னிணைப்பில் அதைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான், அதனால் அந்த அகராதியின் மதிப்பு துளியும் குறையவில்லை.

நம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இதே வழியில்தான் வந்தது. 1913 வாக்கில் வேலை தொடங்கி, 1924-லிருந்து 1936-க்குள் ஆறு தொகுதிகளாக வெளியானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அப்படியும் விட்டுப்போனவை இருந்ததால் பின்னிணைப்பு ஒன்று தனியாக வந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-ல் முதலில் வந்து, 2008-லும் 2020-லும் விரிவாக்கித் திருத்திய பதிப்புகளாக வந்தது. அகராதித் துறையில் இரண்டாம் பதிப்பு என்பதை யாரும் முதல் பதிப்பின் தோல்வியாகப் பார்ப்பதில்லை. முதல் பதிப்பு உயிரோடு இருக்கிறது, ஆட்கள் புரட்டுகிறார்கள் என்பதற்கான அடையாளம் அது.

உ.வே.சாமிநாதையரைப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. 1880-ல் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பிறகுதான் சீவகசிந்தாமணி என்ற சமணக் காப்பியம் அவர் கைக்கு வந்தது. ஏடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சமண சமயச் சொற்கள் அவருக்குப் பழக்கமே இல்லை. கும்பகோணத்திலிருந்த சமணர்களிடம் போய்க் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் அச்சிட்டார். சந்தேகமெல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. 1907-ல் திருத்தங்களோடு இரண்டாம் பதிப்பு வந்தது. நடுவில் இருபது வருடம். அந்த இருபது வருடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. இவ்வளவையும் பதிப்பித்த அனுபவத்தோடுதான் அவர் சிந்தாமணிக்குத் திரும்பி வந்தார். 1907-ன் தரம் வந்த பிறகு வெளியிடலாம் என்று 1887-ல் காத்திருந்தால் அந்தத் தரம் அவருக்கு வந்தே இருக்காது. இந்த ஒரு விஷயத்தை நீங்கள் ஆற அமர யோசித்துப் பார்க்க வேண்டும். நல்ல இரண்டாம் பதிப்பைப் போடக்கூடிய ஆளாக நீங்கள் மாறுவதற்கு இருக்கும் வழி, முதல் பதிப்பைப் போடுவதுதான்.

சரி, இவர்களெல்லாம் பெரிய மனிதர்கள், பல்கலைக்கழகம், அச்சகம், புரவலர்கள் என்று பின்னால் ஆள் இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் கி.ராஜநாராயணனைப் பாருங்கள். கோவில்பட்டி பக்கம் இடைசெவல் கிராமத்து விவசாயி. கல்லூரிக்குப் போனவர் இல்லை, மொழியியல் பட்டம் எதுவும் கிடையாது. கரிசல் மக்களின் பேச்சிலிருந்து வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றை 1982-ல் கொண்டுவந்தார். கரிசல் மண்ணின் எல்லாச் சொல்லும் அதில் இருப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு கொங்குக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் இன்னும் பல வட்டாரங்களுக்கும் அப்படிச் சொல்லகராதிகள் வந்தன. இப்படி ஒன்றைச் செய்யலாம், படிக்காத சனங்களின் பேச்சும் அகராதி ஏறத் தகுந்ததுதான் என்று ஒருவர் செய்து காட்டியதால் வந்த துணிச்சல் அது. உங்கள் நூலும் யாருக்கோ அப்படி ஆகலாம். உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு ஒரு நோட்டு வாங்கலாம்.

கிட்டத்தட்ட நம் காலத்திலேயே நடந்த ஒரு நேரடி ஒப்பீடும் இருக்கிறது. விக்கிப்பீடியாவுக்கு முன்னால் அதே ஆட்கள் 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் நியூபீடியா என்று ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். துறை வல்லுநர்கள் எழுதுவார்கள், ஒவ்வொரு கட்டுரையும் ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்டித்தான் வெளியே வரும். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2003-ல் அது மூடப்படும்வரை எல்லாக் கட்டமும் தாண்டிய கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. அதற்குக் கட்டுரைகள் சேர்வதற்காகப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று 2001 ஜனவரி 15 அன்று திறந்ததுதான் விக்கிப்பீடியா. முதல் வருடம் முடிவதற்குள் சுமார் 20,000 கட்டுரைகள். அவற்றில் பிழைகள் ஏராளம் இருந்தன என்பதும் உண்மைதான். பிழை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருந்ததால் திருத்த ஆள் வந்தார்கள். நியூபீடியாவில் திருத்துவதற்கே ஒன்றும் வெளியில் இல்லை.

பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் போடும் மதுரைத் திட்டமும் அப்படித்தான். 1998 பொங்கலன்று தொடங்கியபோது கணினியில் தமிழுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே குறியேற்றம், அதாவது எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறை, கிடையாது. ஆளுக்கொரு எழுத்துரு. இது ஒரு வழிக்கு வரட்டும் என்று இருக்காமல், கையிலிருந்த எழுத்துருவில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள். பிறகு திஸ்கி என்ற தமிழ்க் குறியேற்றம் வந்தது, அதற்கு மாற்றினார்கள். யூனிகோடு வந்தது, அதற்கும் மாற்றினார்கள். தட்டச்சு செய்து வைத்த உரை இருந்ததால்தானே மாற்ற முடிந்தது.

இனி உங்கள் மனதுக்குள் நடப்பதைப் பற்றிப் பேசலாம்.

கனடாவைச் சேர்ந்த பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் என்ற உளவியலாளர்கள் 1991-ல் பெர்ஃபெக்‌ஷனிசத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நான் குறையே இல்லாமல் இருக்க வேண்டும் என்று தன்னிடமே எதிர்பார்ப்பது ஒன்று. மற்றவர்கள் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, மற்றவர்கள் என்னிடம் குறையின்மையை எதிர்பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் என்னை மதிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. பின்னால் வந்த ஆய்வுகளில் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் வலுவாகத் தொடர்புபட்டுத் தெரிவது இந்த மூன்றாவதுதான். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் கல்லூரி மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை எடுத்த தரவுகளைத் தாமஸ் கர்ரன், ஆண்ட்ரூ ஹில் இருவரும் தொகுத்துப் பார்த்தபோது மூன்றுமே கூடியிருந்தன, அதிலும் மூன்றாவது வேகமாகக் கூடியிருந்தது.

உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "சொல் விட்டுப்போயிருக்கும்" என்பது நூலைப் பற்றிய கவலை. "மொழியியல் படித்தவர்கள் சிரிப்பார்கள்" என்பது உங்களைப் பற்றிய கவலை. முதல் கவலை நல்லது, அது வேலைக்கு உதவும், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். இரண்டாவது கவலை முதலாவதன் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதுதான் சிக்கல். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும் என்று தோன்றும்போது, எந்தச் சொல்லில், எதை என்று உங்களையே கேளுங்கள். "அருவாப்பெட்டி என்ற சொல்லுக்குப் படம் இல்லை" என்று பதில் வந்தால் அது வேலை, போய்ப் படம் எடுங்கள். பதில் ஒன்றும் வராமல் யாரோ ஒருவருடைய முகம் மட்டும் நினைவுக்கு வந்தால் அது பயம். பயத்தைத் தீர்க்க இன்னும் நூறு சொல் சேர்த்துப் பயனில்லை.

பயம் வேலையைப் போலவே தோற்றம் காட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். எந்த மென்பொருளில் தொகுப்பது என்று மாதக்கணக்கில் ஒப்பிடுவது, நோட்டிலிருந்து எக்செல்லுக்கு மாற்றியதை இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது, இணையதளத்துக்குப் பெயரும் நிறமும் தேர்ந்தெடுப்பது, நல்ல ஒலிப்பதிவுக் கருவி வாங்கிய பிறகு தொடங்கலாம் என்பது, மொழியியல் அடிப்படைகளைப் படித்து முடித்துவிட்டு வரலாம் என்பது. இதெல்லாம் களைப்பைத் தரும், வேலை செய்த திருப்தியையும் தரும். ஆனால் இன்னொருவர் பார்க்கக்கூடிய ஒரு பதிவுகூடக் கூடியிருக்காது.

காத்திருப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறோம். உங்கள் விஷயத்தில் அது உண்மையே இல்லை. உங்களுக்குச் சொல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் மரம் ஏறுவதில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடல் தொழில் சொற்களை வருடக்கணக்கில் எழுதி வைத்திருந்தார். அழகான கையெழுத்து. திருத்தித் திருத்தியே காலம் போய்விட்டது. அவர் இறந்த பிறகு வீட்டைக் காலி செய்தபோது அந்த நோட்டுகள் பழைய பேப்பரோடு போய்விட்டன. அதில் என்ன இருந்தது என்று இன்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. ஐம்பது பிழையோடு அந்தத் தொகுப்பு அச்சில் வந்திருந்தால் இந்நேரம் நாற்பது பிழையை யாராவது திருத்தியிருப்பார்கள். எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

1,400 சொல்லையும் அகர வரிசைப்படி வெளியிடும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அகர வரிசைக்கு முழுமை என்ற எல்லையே இல்லை. 'க' முடிந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக வேலையை வைத்து ஒரு பகுதியை வெட்டி எடுங்கள். விடிலிக்குள், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசைக்குள், நடப்பதை மட்டும் எடுங்கள் என்பது என் யோசனை. பதநீர் வந்து இறங்குவதிலிருந்து, வடிகட்டி, காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி, கருப்பட்டியாகத் தட்டி எடுக்கும்வரை. அங்கே இருக்கும் பாத்திரங்கள், அடுப்பின் பாகங்கள், பதத்தின் பெயர்கள், கெட்டுப்போனால் சொல்லும் சொற்கள். அறுபது எழுபது சொல்லுக்குள் அடங்கிவிடும். இந்தப் பகுதி கிட்டத்தட்ட முழுமையாக முடிகிற அளவு உள்ளது. விடிலியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் விட்டுப்போனது எது என்று கண்ணுக்கே தெரியும். முழுமையை விரும்பும் உங்கள் மனதுக்கும் அதில் ஒரு நியாயம் கிடைக்கும். அடுத்த பகுதி மரம் ஏறும் கருவிகள், அதற்கடுத்து ஓலை வகைகள் என்று போகலாம்.

தரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. எது தவறக் கூடாது, எது இல்லாமல் இருக்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள் என்கிறேன். தவறக் கூடாதவை சில உண்டு. சொல்லைக் காதில் கேட்டபடியே எழுதியிருக்க வேண்டும், ஏட்டுத் தமிழுக்குத் திருத்தக் கூடாது. எந்த ஊரில், எப்போது, எப்படிப்பட்ட ஆள் சொன்னார் என்பது இருக்க வேண்டும். அவர் பெயரைப் போடுவதென்றால் அவர் சம்மதம் வேண்டும். பொருள் அவர் சொன்னதாக இருக்க வேண்டும், நீங்கள் ஊகித்ததாக இருக்கக் கூடாது. முடிந்தால் அவர் அந்தச் சொல்லை வைத்துப் பேசிய ஒரு வாக்கியம். இதில் கறாராக இருங்கள், உங்கள் பிடிவாதம் முழுவதையும் இங்கே செலவழியுங்கள்.

சொல்லின் வேர், சங்க இலக்கியத்தில் இருக்கிறதா என்ற ஒப்பீடு, மற்ற திராவிட மொழிகளில் என்ன வடிவம், இதெல்லாம் முதல் வெளியீட்டில் இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது. அது வேறு ஆட்களின் வேலை, உங்கள் தரவு வெளியே வந்தால்தான் அவர்களும் தொடங்க முடியும். மொழியியல் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்கிறீர்களே, நான் பழகியவர்களில் நல்லவர்கள் எல்லோரும் இப்படிப்பட்ட தரவுக்கு ஏங்குகிறவர்கள்தான். அவர்களுக்குக் கோபம் வருவது, கேட்டதையும் ஊகித்ததையும் கலந்து எழுதும்போது மட்டும். சந்தேகமான சொல்லுக்குப் பக்கத்தில் "ஒருவரிடம் மட்டும் கேட்டது" என்றோ "பொருள் உறுதியில்லை" என்றோ குறியுங்கள். அகராதிக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவருவது இதுதான். அந்தக் குறிப்பு எழுதிய நிமிடமே அந்தப் பதிவு நேர்மையானதாகிவிடுகிறது, அதை வெளியிடத் தடை ஒன்றும் இல்லை.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். "சீக்கிரம் முடிக்க வேண்டும்" என்ற தீர்மானம் எதையும் நகர்த்தாது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியது, எப்போது, எங்கே, எது நடந்தவுடன் செய்வேன் என்று முன்பே கட்டி வைத்த தீர்மானங்கள் வெறும் ஆசையைவிட நிறைய நிறைவேறுகின்றன என்பது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் இதுபற்றிய 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் விளைவு கணிசமாகவே இருந்தது. ஆகவே "ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும், செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, விடிலிச் சொல் பத்தை முடிப்பேன்" என்று எழுதி வையுங்கள். அதோடு தடைக்கும் ஒரு தீர்மானம் வேண்டும். "ஒரு சொல்லில் இருபது நிமிடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டால், சந்தேகக் குறிப்புப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன்." உங்களுக்கு முதலாவதைவிட இந்த இரண்டாவதுதான் அதிகம் உதவும்.

முடிக்கும் தேதியை நீங்களே உங்களுக்கு வைத்துக்கொண்டால் நீங்களே தள்ளியும் வைத்துக்கொள்வீர்கள். இன்னொருவருக்குச் சொல்லுங்கள். தாத்தாவிடமோ, விடிலியில் வேலை செய்யும் ஒரு அம்மாவிடமோ, "இந்தப் பருவம் முடிவதற்குள் நீங்க சொன்னதையெல்லாம் எழுதிக் கொண்டுவந்து வாசிச்சுக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பனைக்குப் பருவம் உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடிக்குப் பிறகு விடிலியில் ஆள் இருக்காது, அதற்கு முன் நீங்கள் போயாக வேண்டும். இதைவிட நல்ல கெடு கிடைக்காது.

முதல் வாசகர்கள் அவர்களாகவே இருக்கட்டும். எழுபது சொல்லை நாலைந்து தாளில் அச்செடுத்து, ஒரு பத்துப் பிரதி ஜெராக்ஸ் போடுங்கள். அதுதான் உங்கள் முதல் வெளியீடு. அட்டை, முன்னுரை, அணிந்துரை எதுவும் வேண்டாம். விடிலித் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். "அது அப்படியில்ல தாயி" என்று குறுக்கே விழுவார்கள். ஒரே மத்தியானத்தில் கிடைக்கும் திருத்தம், நீங்கள் தனியாக உட்கார்ந்து ஒரு வருடம் யோசித்தாலும் கிடைக்காது. படிக்காதவர்கள் என்று தயங்க வேண்டாம், இந்தச் சொற்களைப் பொறுத்தவரை அவர்களைவிடப் பெரிய அதிகாரி வேறு யாரும் இல்லை.

போவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை சொல் தவறு என்பார்கள், எத்தனை பேர் கேலி செய்வார்கள், கேலி செய்தால் எத்தனை நாள் அந்த நினைப்பு இருக்கும் என்று எண்ணிக்கையாகவே எழுதுங்கள். திரும்பி வந்து நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். பெர்ஃபெக்‌ஷனிசத்துக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர்கள் பயன்படுத்தும் முறை இது. பயத்தோடு வாதாடி ஜெயிக்க முடியாது, ஆனால் அதன் கணிப்பு தப்பானது என்று உங்கள் கையெழுத்திலேயே பார்த்தால் அடுத்த முறை அதன் குரல் கொஞ்சம் இறங்கும். முழுக்கப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். பல நூல் வெளியிட்டவர்களுக்கும் அச்சுக்குப் போகும் அன்று வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

ஒருவேளை இந்தக் கவலை சொல் தொகுப்போடு நிற்காமல், வங்கி வேலையிலும் வீட்டிலும் எதையும் முடிக்க விடாமல், தூக்கத்தையும் கெடுக்கிறது என்றால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, என் பதில் அந்த இடத்தில் போதாது.

விடிலி வாசிப்பு முடிந்ததும் திருத்திய தாள்களை இணையத்தில் போடுங்கள். ஒரு சாதாரண பிடிஎஃப் போதும். மேலே "முதல் வடிவம்" என்றும் தேதியும் இருக்கட்டும், கீழே திருத்தம் அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரி. நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இன்னும் இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள், அதை இந்த வாரமே செய்யலாம், அதற்கு எந்தத் துணிச்சலும் தேவையில்லை.

கடைசியாக, குறை சொல்கிறவர்களைப் பற்றி. நிச்சயம் வருவார்கள். பெரும்பாலும் முதலில் வருவது "எங்க ஊர்ல இதை இப்படிச் சொல்ல மாட்டோம்" என்பதாகத்தான் இருக்கும். பதநீரையே எடுத்துக்கொள்ளுங்கள், பதனி என்பவர்கள் உண்டு, பயினி என்பவர்கள் உண்டு, கன்னியாகுமரிப் பக்கம் போனால் அக்கானி. ஒருவர் இன்னொரு வடிவத்தைச் சொன்னால் உங்கள் பதிவு பொய்யாகிவிடவில்லை, அவர் ஊரின் பெயரோடு அடுத்த வரி ஒன்று கிடைத்திருக்கிறது. எந்த ஊர், யார் சொல்லக் கேட்டீர்கள், எந்தச் சமயத்தில் சொல்வார்கள் என்று அவரிடமே திரும்பக் கேளுங்கள். கோபமாக எழுதியவர்கள்கூட இந்தக் கேள்வி வந்ததும் உட்கார்ந்து நீளமாகப் பதில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், தன் பாட்டி பேச்சைப் பற்றி ஒருவர் கேட்டால் யாருக்குத்தான் சொல்லத் தோன்றாது. பொருளே தவறு என்று ஆதாரத்தோடு சொன்னால் திருத்திவிட்டு, திருத்தியவர் பெயரை அவர் சம்மதத்தோடு போடுங்கள். ஆதாரமில்லாமல் வெறுமனே ஏளனம் செய்தால் பதில் எழுத வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மரம் ஏறும் கருவிகளின் சொற்களைத் தொடங்கிவிடலாம், அதற்கு முருக்குத்தடியையும் தளைநாரையும் படமெடுக்க ஒரு காலை நேரம் போதும்.